ஆவுடை பிசகு

தேரிமங்கலத்தில் ஒரு ஆடி மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு, பாட்டுகள் வந்து உட்காருகிற இடம் ரெண்டு கட்டையிலிருந்து எழுந்து நாலரைக் கட்டைக்குக் குடிபோய்விட்டது. போகிறேன் என்று அது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அன்றைக்கு இடி இல்லை, மழை இல்லை. ஆடிக் காற்று வழக்கம்போலத் தேரிக்காட்டுச் செம்மணலை வாரி ஊரார் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இசை தெரியாதவர்கள் மிரள வேண்டாம். ஆர்மோனியப் பெட்டியின் வெள்ளைக் கட்டைகளை இடமிருந்து ஒன்று, இரண்டு என்பார்கள். இடையில் எட்டிப் பார்க்கும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, நாலரை என்று அரையில் வரும். ஒரு பாட்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் எந்தக் கட்டையில் வந்து உட்கார்ந்தால் கேட்கிறவன் நெஞ்சு அப்பாடா என்கிறதோ அதுதான் அந்தப் பாட்டின் ஸா. வேறு ஊர்களில் அவரவர் தொண்டைக்கு ஏற்ப ஆளுக்கு ஒரு ஸா வைத்துக்கொள்வார்கள். தேரிமங்கலத்தில் மட்டும் தாலாட்டும் ஒப்பாரியும், பஜனையும் பள்ளிக்கூடப் பிரார்த்தனையும், கோயில் நாதஸ்வரமும் சர்ச் கீர்த்தனையும், பதநீர் விற்கிறவன் கூவுகிற கூவலும்கூட ரெண்டு கட்டையில்தான் வந்து முடியும். ஆதிகாலத்திலிருந்து அப்படி என்று ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள். உண்மை என்னவென்றால், அறுபது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊருக்கு முதல் ஆர்மோனியம் வந்து சேர்ந்தபோது, வழியில் எலி கடித்தது போக அதில் ஒழுங்காக ஊதியது அந்த ஒரு கட்டைதான். அதற்கு முன்னால் ஒவ்வொரு பாட்டும் தனக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது. எலி மிச்சம் வைத்ததைச் சாமி கொடுத்ததாக ஊர் எடுத்துக்கொண்டது.

அன்று காலை ஒன்பதே கால் மணிக்கு ஆவுடைத்தங்கம் கடையில் உட்கார்ந்து காற்றுப் பட்டால் அதிர்ந்து பாடுகிற ஒரு பித்தளை நாக்கை, ரீடை, அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். வாசலில் தொங்கிய போர்டில் 'சங்கரநயினார் ஆர்மோனியம் வேலைக்கூடம்' என்று அண்ணன் பெயர் இருந்தது. மரப்பெட்டியும் துருத்தியும் அண்ணன் வேலை. ரீடு இவள் வேலை. நுனியில் ராவினால் சுரம் ஏறும், அடியில் ராவினால் இறங்கும், ஒரு மயிரிழை அதிகம் போனால் ரீடு குப்பைக்குப் போகும். அவள் கையில் அப்படிக் குப்பைக்குப் போனது கிடையாது. ஈயப் பானையைத் தட்டினால் என்ன கட்டை என்று சொல்லுவாள், பஸ் ஹாரன் காற்பங்கு இறங்கியிருப்பதைச் சொல்லுவாள். வயது முப்பத்தெட்டு. புருஷன், பிள்ளை, நகை, நட்டு என்று ஒன்றும் சேரவில்லை. அந்தக் காது இருந்தது, அந்தக் காதுக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. புதுப் பெட்டி வாங்குகிறவன் "ஆவுடை கேட்டுட்டாளா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பான். அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு யாரோ தலையில் பூ வைத்துவிட்டதுபோல் இருக்கும்.

எதிரே பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகள் பிரார்த்தனையின் கடைசி வரியைப் பாடினார்கள். பாடிவிட்டு, இன்னும் முடியவில்லையே என்று மறுபடி பாடினார்கள். மறுபடியும் பாடினார்கள். முடியாத பாட்டை விட்டுவிட்டு எப்படி வகுப்புக்குப் போவது என்று தெரியாமல், வெயில் ஏற ஏற, குரல் கம்மக் கம்ம, கடைசி வரியையே பாடிக்கொண்டு நின்றார்கள். தலைமையாசிரியர் ஞானதுரை விசிலை ஊதிப் பார்த்தார், பிரம்பை ஆட்டிப் பார்த்தார், பிறகு தானும் சேர்ந்து பாடிப் பார்த்தார்; அவராலும் நிறுத்த முடியவில்லை. மதியச் சோற்றுக்கு மணி அடித்த பிறகுதான் அந்தப் பாட்டு பசிக்காக நின்றது. அதற்குள் ஊரில் எந்தத் தொட்டில் பிள்ளையும் தூங்கவில்லை, பெருமாள் கோயில் சாமி கல்யாணத்தில் லாலி பாடி முடித்த பெண்கள் ஏன் என்று தெரியாமல் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள், கீழத்தெருவில் ஒரு சாவு வீட்டில் ஒப்பாரி வைத்தவர்கள் தங்கள் பாட்டு வாழ்த்துமாதிரி இருப்பதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆவுடை மட்டும் அரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு ரீடாகக் கேட்டாள். ஒன்றும் ஏறவில்லை, ஒன்றும் இறங்கவில்லை. எல்லாச் சுரமும் நேற்று இருந்த இடத்தில்தான் இருந்தது. ரெண்டில் விரல் வைத்தால் மட்டும் பஸ் ஸ்டாண்டில் நிற்பதுபோல் இருந்தது. கறுப்பு நாலரையில் வைத்தாள். நெஞ்சு அப்பாடா என்றது.

அண்ணன் சாப்பிட வந்தபோது அவள் சோறு போடவில்லை.

"அண்ணே, இங்க வா. இதக் கேளு."

"என்னட்டி, பசிக்கில்லா?"

"சோறு எங்கயும் போவாது. கேளு."

நயினார் காதை வைத்துக் கேட்டான். அவனுக்கும் காது உண்டு, இவள் அளவுக்கு இல்லை. மூன்று தரம் கேட்டுவிட்டு அவன் முகம் பத்து வயதுப் பையன் முகமாகிவிட்டது. "அட, ஆமாட்டி! கறுப்புக் கட்டையில போயில்லா உக்காந்திருக்கு!" அண்ணனும் தங்கையும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, சோற்றை மறந்து, தெரிந்த பாட்டு அத்தனையையும் வாசித்தார்கள். சந்தோஷப் பாட்டெல்லாம் துக்கமாக வந்தது, துக்கப் பாட்டில் சிலது கிளுகிளு என்று சிரித்தது, ஒரு சுரமும் மாறாமலே எல்லாம் மாறியிருந்தது. சின்ன வயதில் இருவரும் தெப்பக்குளத்தில் முங்கிப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் பொய் சொன்ன நாள் போல அது ஒரு நாள். ஆவுடை தன் வாழ்க்கையில் அப்படிச் சிரித்ததில்லை.

"நாளன்னைக்கு ஊர்க்கூட்டம் போட்டிருக்காக. நான் எடுத்துச் சொல்லுதேன், நீ பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டு. ரெண்டு பேரும் கேட்டதுதான?" என்றான் நயினார்.

"சரிண்ணே," என்றாள் அவள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. பஜனை மடத்துப் பெட்டி, சர்ச் பெட்டி, நாடகக்காரர் பெட்டி என்று பதினேழு ஆர்மோனியங்களைத் தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள், குற்றவாளிகளை உட்கார வைத்ததுபோல. ஆவுடை சின்னப் பெட்டியை மடியில் வைத்து, துருத்தியில் கை போட்டு, அண்ணன் கண் காட்டுவதற்காகக் காத்திருந்தாள். ஞானதுரை எழுந்து, "நயினாரு, உம்ம பெட்டியில என்னவோ கோளாறு. ஊர் வாயே கட்டிப்போச்சு. என்னன்னு சொல்லும்," என்றார்.

நயினார் எழுந்தான். கூட்டத்தைப் பார்த்தான், பதினேழு பெட்டிகளைப் பார்த்தான். தங்கையைப் பார்க்கவில்லை.

"ஊர்க்காரவுக மன்னிக்கணும். மரம் என் மரம், துருத்தி என் துருத்தி, அதுல ஒரு குத்தமும் கிடையாது. ரீடு ராவுதது என் தங்கச்சி. கை கொஞ்சம் பிசகிட்டு."

துருத்தியில் இருந்த அவள் கை அப்படியே நின்றது. ஒரு நிமிஷம் அவளுக்குத் தன் காதின்மேலேயே சந்தேகம் வந்தது. அண்ணன் வேறு என்னவோ சொல்லியிருப்பான், காற்றில் மாறி வந்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அவள் காதுக்கு அந்த மாதிரித் தப்பெல்லாம் வராது. "ஐயோ, இல்லைங்க," என்று எழுந்தாள். "சுரம் எல்லாம் இருந்த இடத்துலதான் இருக்கு. நிக்கிற எடம்தான் மாறிப் போச்சு. அண்ணனும் கேட்டுச்சு. கேளுங்க அதுகிட்ட."

கேட்டார்கள். நயினார் தரையைப் பார்த்தபடி தலையை இல்லை என்று ஆட்டினான்.

பெட்டியே இல்லாமல் தாலாட்டுப் பாடிய தாய்மார் தொண்டையில் ஆவுடை எந்த அரத்தை வைத்து ராவினாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதிசயத்தை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு அதிசயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எந்த ஊருக்கும் தெரியாது; ஒரு பொம்பளை செய்த தப்பை எங்கே வைப்பது என்று எல்லா ஊருக்கும் தெரியும். கூட்டம் பெருமூச்சு விட்டது. "பொம்பளப் பிள்ள, போகட்டும், திட்டாதீங்க," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, பதினேழு பெட்டிகளையும் கடையில் இறக்கிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

வீட்டில் அவள் அண்ணன் முன்னால் நின்றாள். அழவில்லை. "ஏண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"கடை நிக்கணும்லா, தாயி. உன் பேரு போனா கடை இருக்கும். என் பேரு போனா கடையே போயிரும். போர்டுல இருக்கது என் பேருல்லா?" என்றான் அவன், மிக நியாயமான குரலில், அவளுக்குப் புரிந்துவிடும் என்ற நம்பிக்கையோடு. அந்த நம்பிக்கைதான் அவளை வெட்டியது. வெளியே போய்விடலாம் என்று நினைத்தாள். எங்கே போவது? ரீடு இருக்கிற இடம் அந்தக் கடைதான்.

பதினேழு பெட்டிகளும் பத்து நாள் கடையில் சும்மா கிடந்தன. நயினார் அவற்றைத் தூசி தட்டி, பாலிஷ் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டவர்கள் வாசித்துப் பார்த்து, "இப்பம் சரியா இருக்கு," என்றார்கள். ஒரு ரீடுகூடத் தொடப்படவில்லை என்பது ஆவுடைக்குத் தெரியும். அதற்குள் ஊர் பழகிவிட்டிருந்தது. ஞானதுரை பிரார்த்தனையின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துப் பிள்ளைகளை நாலரைக்கு ஏற்றிவிட்டார், தாய்மார்கள் தாலாட்டின் கடைசிச் சொல்லை ஒரு படி தள்ளி வைத்தார்கள், நாதஸ்வரக்காரர் ஒரு துளையை மெழுகால் அடைத்தார், பதநீர்க்காரன் தொண்டையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டான், ஒப்பாரிக்காரிகள் சிரிக்கிற பாட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கல்யாணப் பாட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். இப்படி ஒவ்வொருவராக மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போகும்போது அதற்கு ஒரு பேரும் வைத்தார்கள்: ஆவுடை பிசகு.

பிறகு அந்தப் பேர் பாட்டைத் தாண்டியும் நடமாட ஆரம்பித்தது. குழம்பில் உப்புக் கூடினால் ஆவுடை பிசகு. சட்டைப் பொத்தான் ஏற்ற இறக்கமாக மாட்டினால் ஆவுடை பிசகு. ரேஷன் கடை வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற ஒருத்தி, எடைத்தராசைப் பார்த்து, "என்னய்யா, ஆவுடை பிசகா?" என்று சிரித்துவிட்டு, திரும்பிப் பார்த்து அவளைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆவுடை சீனியை வாங்கிக்கொண்டு வந்தாள். புதுப் பெட்டி வாங்குகிறவர்கள் இப்போது, "அண்ணாச்சி, நீங்க ஒரு தடவ கேட்டுட்டீயல்லா?" என்று நயினாரிடம் கேட்டார்கள். அவன், "கேட்டுட்டேன், கேட்டுட்டேன்," என்பான். உள்ளே திரைக்குப் பின்னால் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பதினோரு வருஷம் போயிற்று. நாலரையில் பிறந்து நாலரையில் தூங்கிய பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போனார்கள். ரெண்டில் பாடினால் அவர்களுக்குக் கொட்டாவி வந்தது. வெளியூர்க்காரர்கள் தேரிமங்கலத்துக் கல்யாணங்களுக்கு வந்து, லாலியைக் கேட்டு, காரணமே இல்லாமல் சுகமாக அழுதுவிட்டுப் போனார்கள். மதுரையிலிருந்து ஒரு மெல்லிசைக் குழு வந்து கேட்டது, திருச்சியிலிருந்து ஒரு சபாக்காரர் வந்து கேட்டார். இந்த ஊரில் மட்டும் எல்லாப் பாட்டுக்குள்ளும் ஒரு விசும்பல் இருக்கிறதே, யார் செய்த வேலை இது என்று அவர்கள் விசாரித்தபோது, ஊர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடை போர்டைக் காட்டியது. எந்த நாளில், யார் வாயில் அது மாறியது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் ஆவுடை வெளியே வந்தபோது சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் 'நயினார் சுருதி கண்ட மேதைக்குப் பாராட்டு விழா' என்று இருந்தது. தப்பாக இருந்தவரை அவள் பேரில் இருந்தது. நல்லதானதும் வீடு மாற்றி அண்ணன் பேருக்குப் போய்விட்டது.

நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனாள். "நீ செஞ்சியாண்ணே இத?"

நயினாருக்கு இப்போது தலை நரைத்திருந்தது, தொப்பை விழுந்திருந்தது. "நான் செஞ்சேன்னு சொல்லல, தாயி. அவுகளே சொல்லுதாக. நான் இல்லேன்னு சொல்லல, அவ்வளவுதான்."

"பிசகுன்னு சொன்னப்ப என் பேரச் சொன்னியே?"

"அப்பம் ஊர் உன்னை என்ன பண்ணிச்சு? ஒண்ணும் பண்ணலைல்லா? பெரிய மனசு பண்ணி விட்டுட்டாகல்லா?" என்றவன், கொஞ்சம் யோசித்து, அன்பாகவே, "விழாவுல நீதான் சுருதி போடணும். வேற யாரு பெட்டியில உக்காந்தாலும் எனக்குத் திருப்தியா இருக்காது," என்றான்.

அவள் ஒத்துக்கொண்டாள். பெட்டியில் வேறு யாராவது உட்காருவதை அவளாலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நாடார் தெருக் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடை நடுவில் ரோஜா மாலையும் பொன்னாடையுமாக நயினார். அவன் பக்கத்தில் ரிட்டையர் ஆகிவிட்ட ஞானதுரை. அவன் நாற்காலிக்குக் கீழே, ஓரத்தில், தரையில் ஆவுடையும் பெட்டியும். பள்ளிக்கூடப் பெண்கள் எட்டுப் பேர் அதே பழைய பிரார்த்தனையைப் பாட ஆரம்பித்தார்கள். அவள் நாலரையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரியில், ஒரு பூனை மடியை விட்டு இறங்குவதுபோல, அது விரலுக்கு அடியிலிருந்து இறங்கிப் போயிற்று.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு! போகிற வழியைக் காதால் பின்தொடர்ந்தாள். ஆறாம் கட்டையில் போய் உட்கார்ந்தது. தெளிவாக, சந்தேகமே இல்லாமல், ஆறு. மண்டபத்தில் அவள் ஒருத்திக்குத்தான் அது தெரிந்தது. பெண்கள் கடைசி வரிக்கு வந்தார்கள், முடியவில்லை, மறுபடி பாடினார்கள், மறுபடி பாடினார்கள். கூட்டம் நெளிந்தது. ஞானதுரைக்குப் பழைய வெயில் ஞாபகம் வந்து முகம் வெளிறியது. "அண்ணாச்சி, சுருதி போயிட்டே! எங்க போச்சு? பிடிச்சுக் கொண்டாங்க அண்ணாச்சி!" என்று முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. மேதை அவன்தானே? ஒரு தடவை கொண்டுவந்தவன் மறுதடவையும் கொண்டுவர வேண்டியதுதானே?

நயினார் மாலையோடு குனிந்தான். ரோஜா இதழ்கள் அவள் கைமேல் விழுந்தன.

"ஏட்டி, எங்க போயிருக்கு? சீக்கிரம் சொல்லு. ஊரே பாத்துட்டு இருக்கு."

அவன் குரலில் அந்தப் பழைய மத்தியானம் இருந்தது. அவளுக்கு ஆறு என்று வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் இதுவும் அவன் பேரில் போகும்; சொல்லாமல் இருந்தால், தங்கச்சி பெட்டியைக் கெடுத்துவிட்டாள் என்று இன்னொரு தரம் எழுந்து மன்னிப்புக் கேட்பான். அவள் மனதில் அப்போது வந்தது நல்ல நினைப்பு இல்லை. இருக்கட்டும், அவளுக்கும் ஒரு நாள் வர வேண்டாமா? அஞ்சாம் கட்டையைக் காட்டினாள். அந்தப் பாட்டில் ஒரு தடவைகூட வராத சுரம் அது. அதில் உட்காரச் சொல்வது விருந்தாளியைக் கிணற்றுச் சுவரில் உட்காரச் சொல்வது மாதிரி.

நயினார் நிமிர்ந்தான். மைக்கைப் பிடித்தான். "பயப்படாதீக. நாலரை போதும்னு நான்தான் விட்டுட்டேன். இன்னையிலேருந்து அஞ்சு!" என்றான்.

அவள் அஞ்சை அழுத்தி, துருத்தியை முழுசாக இழுத்து, விடாமல் பிடித்தாள். பெண்கள் பாடினார்கள். பாட்டும் சுருதியும் பல்லில் மணல் கடிபடுவதுபோல் உரசின. ஆவுடை தலையைத் தூக்கி முகங்களைப் பார்த்தாள். யாராவது ஒருத்தர் முகம் சுளிக்கட்டும், ஒரே ஒருத்தர் எழுந்து இது இல்லையே என்று கேட்கட்டும், போதும் என்று பார்த்தாள். மூன்றாம் வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்தியது. அதன் அம்மா தொடையில் கிள்ளினாள். ஞானதுரை கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா," என்றார். பிறகு இன்னொரு ஆஹா, பிறகு பத்து, பிறகு மண்டபம் முழுக்க. பெண்கள் கடைசி வரியை அஞ்சில் கொண்டுவந்து வைத்து, கை கூப்பி, நிம்மதியாக இறங்கிப் போனார்கள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

அன்று சாயங்காலமே பதநீர்க்காரன் அஞ்சில் கூவினான். மறுநாள் பிரார்த்தனை அஞ்சில் முடிந்தது. தாய்மார்கள் தாலாட்டை மறுபடி நகர்த்தி வைத்தார்கள், பிள்ளைகள் தூங்கின. ஆவுடை கடையில் உட்கார்ந்து ஆறாம் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அங்கேதான் இருந்தது, ஒருத்தரும் வராத வீட்டில் விளக்கேற்றி வைத்தாற்போல. ஊர் முழுக்கப் பொய்யில் உட்கார்ந்திருக்கிறது, நிஜம் எங்கே என்று எனக்கு ஒருத்திக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டாள். அது ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இப்படி மூன்று நாள்.

நாலாம் நாள் காலையில் பஜனை மடத்துப் பெட்டியின் ரீடு ஒன்றை ராவிக்கொண்டே அவள் எதையோ முனகினாள். வேலை மும்முரத்தில் வருகிற முனகல்தான். அது கொஞ்ச நேரம் அலைந்தது, இறங்கியது, ஓரிடத்தில் உட்கார்ந்தது. நெஞ்சு அப்பாடா என்றது.

அவள் அரத்தை வைத்துவிட்டாள். பெட்டியை இழுத்து, முனகல் உட்கார்ந்த இடத்தைத் தேடி விரலை வைத்தாள். அஞ்சு. ஆறை அழுத்தினாள். ஆறு இன்னும் ஊதியது, ரீடு சுத்தமாக இருந்தது, ஆனால் அது வழியில் நிற்கிற சுரமாக இருந்தது, எங்கோ போக வேண்டிய அவசரத்தில் இருந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். அண்ணன் கைவிட்டபோது தாங்கியது, ஊர் கைவிட்டபோது தாங்கியது எல்லாம் இந்தக் காதை நம்பித்தான். இதுவும் எழுந்து அண்ணன் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டதை நினைக்க நினைக்க, அவளுக்கு இத்தனை வருஷம் வராத அழுகை வந்தது.

"ஆவுடை, மடத்துப் பெட்டி அஞ்சுக்குச் சேந்துட்டா? ஆள் வந்து நிக்காக," என்று முன்கடையிலிருந்து நயினார் கேட்டான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சேந்துட்டுண்ணே. சரியாத்தான் இருக்கு," என்றாள்.

அது பொய்யாக இருந்திருந்தால் அவளால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.